பன்னிரண்டாவது உலை

கோகந்த், நவம்பர் 9

எல்யோருக்கு,

சமாதானக் கடிதம் என்று நினைத்து ஆசையாகத் திறந்திருந்தால் ஏமாந்தாய். இது கணக்குக் கடிதம். நீ கிளம்பிய காலையில் நான் பேசியது பேசியதுதான், நீ பேசியதும் அப்படியே இருக்கட்டும். அம்மா இரண்டையும் ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரே தீர்ப்பாகச் சொல்லிவிட்டாள்: "போன்ல பேசினா மூணாவது வார்த்தையில கத்த ஆரம்பிச்சிடுவீங்க. எழுதுங்க. எழுதுறப்பவாவது மூச்சு விடுவீங்க." அதனால் எழுதுகிறேன்.

நம் கணினி விளையாட்டைப் பற்றித்தான். வடகோடி எண்ணெய்க் கிணற்றுக் குளிரில் உனக்கு மூளை உறைந்திருக்கும், முதலிலிருந்தே சொல்கிறேன். தீவில் மணல் படுகைகள் பன்னிரண்டு. ஒரு படுகைக்கு ஓர் உலை, அதற்கு மேல் கட்ட இடமில்லை. ஓர் உலை நிமிடத்துக்கு ஐந்து கண்ணாடி தரும். ஐந்து கண்ணாடிக்கு ஒரு விளக்கு. கோபுரத்துக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டு விளக்குகள் இடைவிடாமல் போனால்தான் மூடுபனி விலகும். ஒன்று குறைந்தாலும் விலகாது, விலகியிருந்தாலும் திரும்ப வந்து மூடிக்கொள்ளும். இரண்டு வருடமாக நாம் இந்தப் பனிக்குள்ளேயே சரக்கு நகர்த்தும் பெல்ட் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஏரிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இப்போது பெல்ட் எல்லாவற்றையும் நேராக்கிவிட்டேன். மணல் சரி, உலைக்கு எரிக்கும் சுள்ளி சரி, விளக்குப் பட்டறை சரி, உலைக் கணக்கும் பன்னிரண்டு காட்டுகிறது. நேற்று ஓட்டிப் பார்த்தால் பதினொரு விளக்குதான் வருகிறது. எங்கே ஓட்டை என்று ஒவ்வொரு பெல்ட்டாகப் போய்ப் பார்த்தேன். கடைசிப் படுகையில் புதிதாக ஓர் உலை. நான் கட்டவில்லை. அணைத்து வைத்திருக்கிறது. பெட்டி காலி. பக்கத்தில் ஒரு பலகை: "ஒன்று எடுத்தாயிற்று. மிச்சம் என்னுடையது. தொடாதீர்கள்."

என்ன இது? ஐந்து வயதில் திராட்சைக் கொடிக்கு உன் பெயரை எழுதித் தொங்கவிட்டாயே, அந்த மாதிரியா? என் வீட்டுக் கணினியில் ஓடுகிற உலகத்துக்குள் அங்கிருந்து நுழைந்து, எனக்கே பலகை வைக்கிறாய். காரணம் சொல், அல்லது உலையை மூட்டு.

ஹுல்கர்


யமால், முகாம், நவம்பர் 17

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை ரினாத்துக்குப் படித்துக் காட்டினேன். ரினாத் என் கட்டிலுக்கு மேல் கட்டில்காரன், தாத்தார் இனத்தவன், நாற்பது வயதில் நாற்பது ஊர் பார்த்தவன். "உங்க அக்கா ஆலையில வேலை பாக்குறாங்களா, ஆலையே அவங்கதானா?" என்று கேட்டான். மாவு ஆலையில் திட்டப் பிரிவு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான்.

இங்கே சூரியன் இப்போதெல்லாம் முழுசாக எழுந்திருப்பதில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் இல்லையாம். வெளியே போனால் தரையும் வானமும் ஒரே வெள்ளை, எங்கே முடிகிறது என்று தெரியாது. நம் தீவை நினைத்துக்கொள்வேன். அங்கேயும் நாலு அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, ஆனால் பெல்ட் ஓடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் யாரோ இருக்கிறார்கள் என்று ஒரு நிம்மதி. முகாமில் இணையம் கிடைக்கிற நாட்களில் நான் விளையாடுவதுகூட இல்லை. உள்ளே வந்து, ஏரிக்கரையில் என் ஆளை உட்கார வைத்துவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தூங்கிவிடுவேன். விளக்குகள் என் தலைக்கு மேலே வரிசையாகப் போகும். கனவா திரையா என்று தெரியாமல் போய்விடும். ஒருநாள் அந்த பெல்ட்டில் விளக்குகளுக்கு நடுவே நம் வீட்டுத் தேநீர்க் கிண்ணங்கள் போவதைப் பார்த்தேன். நீலப் பூப் போட்டவை. நீங்கள் ஒரு மூலையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

உலையை மூட்டாதீர்கள். காரணம் எழுத வரவில்லை. இரண்டு தரம் எழுதி அழித்துவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். சமையலறையில் கதவுக்குப் பக்கத்து ஆணியில் இப்போது என்ன தொங்குகிறது?

எல்யோர்


கோகந்த், நவம்பர் 24

எல்யோர்,

ஆணியில் என்ன தொங்க வேண்டும்?

அப்பா லாரி ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு தரம் புறப்படும்போதும் அம்மா ரொட்டியை நீட்டுவாள். அவர் ஒரு வாய் கடித்துவிட்டு ஏறுவார். மிச்சம் வெள்ளைத் துணியில் சுற்றி அந்த ஆணியில் தொங்கும், அவர் வந்து அதைத் தேநீரில் நனைத்துத் தின்று முடிக்கும் வரை யாரும் தொட மாட்டோம். கடித்து வைத்த ரொட்டி ஆளைத் திரும்ப இழுத்து வரும் என்பது இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அப்பாவை ஒவ்வொரு தரமும் இழுத்துத்தான் வந்தது.

நீ என்ன செய்தாய்? அம்மா அன்றைக்கு விடியுமுன் எழுந்து தந்தூர் அடுப்பை மூட்டினாள். டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நான் என் திட்டத்தை விரித்து வைத்துக்கொண்டு கடைசித் தடவையாகச் சொல்லிப் பார்த்தேன்: ஆலைக் கிடங்கில் வேலை, ஆறாவது வருடம் கூரை மாற்றுவது, அதற்குள் உன் கல்யாணம். "நான் என்ன உலையாக்கா, இந்தப் பக்கம் மணல் கொட்டினா அந்தப் பக்கம் கண்ணாடி வர்றதுக்கு?" என்று கத்தினாய். நடுவில் ரொட்டியோடு நின்ற அம்மாவின் கையை ஒதுக்கிவிட்டுப் படியிறங்கினாய். ஒரு வாய், எல்யோர். அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அம்மா அதையே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறாள். கடிக்காத ரொட்டி. பக்கத்து வீட்டு முனவ்வர் அத்தை பார்த்துவிட்டு, "கடிக்காத ரொட்டியைத் தொங்கவிட்டா அது வெறும் ரொட்டிதானடி, குருவிக்காவது போடு" என்றாள். அம்மா துணி முடிச்சை இறுக்கிவிட்டாள். இதுதான் ஆணியில் தொங்குவது. போதுமா?

உலைக்கு வருகிறேன். காரணம் இல்லாத உலைக்கு என் திட்டத்தில் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை இடித்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டி மூட்டப்போகிறேன். அதற்குள் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சொல்லிக்கொள்.

ஹுல்கர்


யமால், டிசம்பர் 3

அக்கா,

உங்கள் கடிதம் எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது. புயல். ஞாயிற்றுக்கிழமை இணையம் கொஞ்ச நேரம் வந்தபோது நான் கடிதப் பெட்டியைப் பார்க்காமல் நேரே தீவுக்கு வந்துவிட்டேன்.

வந்தால் பனி விலகிக்கொண்டிருக்கிறது. முதல் ஏரி தெரிந்தது, இரண்டாவது ஏரியின் பாதி தெரிந்தது. தண்ணீர் அவ்வளவு நீலம் என்று எனக்குத் தெரியாது. கரையில் ஏதோ வெள்ளைப் பறவைகள். கோபுரம் உச்சி வரை எரிந்தது. இரண்டு வருடமாக இதைத்தானே கேட்டோம், நின்று பார்க்கலாம் என்று தோன்றியது. அப்புறம் கடைசிப் படுகைக்குப் போனேன். பலகையைக் காணோம். என் உலையைக் காணோம். உங்கள் உலை எரிந்துகொண்டிருந்தது.

அந்த உலையின் பெல்ட்டை வெட்டியது நான்தான். வேறு யாரையும் சந்தேகப்பட வேண்டாம். பனி திரும்ப வந்து பறவைகளை மூடுகிற வரை நின்றுவிட்டு வெளியேறினேன்.

இப்போது சொல்கிறேன். இங்கே வந்த முதல் வாரம் தூக்கமே வரவில்லை. கண்ணை மூடினால் அம்மாவின் கை. நான் ஒதுக்கிய கை. அம்மாவிடம் போனில் என்ன சொல்வது? வாய் வரவில்லை. ஒருநாள் தீவில் உட்கார்ந்திருந்தபோது கடைசிப் படுகை காலியாக இருப்பதைப் பார்த்தேன். ஓர் உலையைக் கட்டினேன். ஒரே ஒரு கண்ணாடி வருகிற வரை ஓட்டினேன். அதை எடுத்துக்கொண்டு அணைத்துவிட்டேன். மிச்சத்தை வந்து ஓட்டலாம் என்று. அதுதான் நான் கடித்த ரொட்டி, அக்கா. வேறு ரொட்டி எனக்கு இங்கே கிடைக்கவில்லை.

பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். சரி. ஆனால் அதற்குப் பிறகுதான் நான் தூங்கினேன்.

இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். நடுவில் விடுப்பு கிடையாது. பிப்ரவரி முடிவதற்குள் கையெழுத்துப் போட்டால் போதும். போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். மிச்சம் வைத்துவிட்டு வந்தவன்தானே திரும்பிப் போக வேண்டும்?

எல்யோர்


கோகந்த், டிசம்பர் 6

கழுதை,

பலகையில் எழுதத் தெரிந்தவனுக்கு, "இது என் ரொட்டி" என்று நாலு எழுத்து சேர்த்து எழுத முடியவில்லையா? எனக்கு ஜோசியமா தெரியும்? நீ எழுதியதைப் படித்துவிட்டு ஆலையில் கழிப்பறைக்குப் போய் அழுதேன். திட்டப் பிரிவில் எல்லாரும் கோதுமை வரவில் ஏதோ தப்பு என்று பயந்துபோனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் உலையை இடித்துவிட்டேன். அதே இடத்தில் அதே மாதிரி ஒன்று கட்டி, மூட்டாமல் வைத்திருக்கிறேன். உன் பலகையையும் வைத்துவிட்டேன், ஆனால் "ஒன்று எடுத்தாயிற்று" என்பதை எழுதவில்லை. அது உண்மையில்லையே. அந்த உலையில் நீ இன்னும் ஒன்றும் எடுக்கவில்லை. உனக்காக நான் ஓட்டி எடுக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒருத்தருக்காக இன்னொருத்தர் கடிக்க முடியாது. நீதான் வர வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். உலை, கண்ணாடி, பனி என்று அவளுக்குப் புரிய வைக்கிறதற்குள் தேநீர் ஆறிவிட்டது. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்: "அப்போ அவனுக்கும் அந்த நெனப்பு இருந்துச்சா?" இருந்தது என்றேன். எழுந்து போய் ஆணியிலிருந்து துணியை எடுத்து அவிழ்த்தாள். ரொட்டியின் ஓரத்தில் ஒரு குழி. சூடாக இருந்தபோது உன் கட்டை விரல் அழுந்திய இடம்.

"தள்ளுறப்போ பட்டிருக்கு. முனவ்வர்கிட்ட நான் இதைச் சொல்லல. கடிக்காட்டி என்னடி, தொட்டானே. தொட்டதும் கணக்குதான்" என்றாள்.

எனக்கு இந்தக் கணக்கு எந்தப் பிரிவிலும் கற்றுத் தரவில்லை. ஆனால் அம்மா சரியாகச் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தீவுக்கு வா. வந்து ஒன்று எடு. கையெழுத்துப் போடாதே.

அக்கா


கோகந்த், ஜனவரி 11

எல்யோர்,

இன்னும் பதில் இல்லை. புயல் என்று நினைத்துக்கொள்கிறேன். கோபம் என்று நினைத்தால் வேலை ஓடமாட்டேன் என்கிறது.

நீ தீவுக்கும் வரவில்லை. தினமும் ஆலையிலிருந்து வந்ததும் முதலில் போய்ப் பெட்டியைப் பார்க்கிறேன். காலி. என் திட்டத்தைப் பதினொன்றுக்கு மாற்றி எழுதிவிட்டேன். மணலைக் குறைத்தேன், சுள்ளியைக் குறைத்தேன், விளக்குப் பட்டறையில் ஒன்றை நிறுத்தினேன். பெல்ட் தேங்காமல், காயாமல் ஓடுகிறது. எனக்கே ஆச்சரியம்தான். நான் என் வாழ்நாளில் போட்ட திட்டங்களிலேயே, இலக்கை எட்டக் கூடாது என்று போட்டது இது ஒன்றுதான். மேலாளர் பார்த்தால் வேலையை விட்டுத் தூக்குவார்.

பதினொரு விளக்குக்குப் பனி விலகாது. ஆனால் விளக்குகள் கோபுரத்தில் ஏறும்போது பனி உள்ளிருந்து மஞ்சளாகிறது, பால் கொதித்து ஏடு கட்டுகிற நிறத்தில். நான் அதற்குள் சும்மா நடக்கிறேன். கால் எங்கே போகிறதென்று தெரியவில்லை, கவலையாகவும் இல்லை. பெல்ட் சத்தம் மட்டும் கூடவே வருகிறது. நீ சொன்னபோது சிரித்தேன். இப்போது நானும் ஏரிக்கரையில் என் ஆளை உன் ஆள் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, சமையலுக்குப் போகிறேன்.

அம்மா சில நாள் நாற்காலி போட்டுத் திரைக்கு முன்னால் உட்காருகிறாள். "அவன் அடுப்பு எது?" என்று கேட்பாள். காட்டுவேன். நேற்று முனவ்வர் அத்தை வந்து எட்டிப் பார்த்தாள். "நாப்பது வயசுல பொம்மை வெச்சு விளையாடறா, நீயும் கூட உக்காந்து பாக்குறியே" என்றாள். அம்மா திரும்பாமலே, "பன்னெண்டாவது என் பையனோடது. பேசாம உக்காரு" என்றாள். அத்தை உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பூசணிச் சம்சா தின்றுகொண்டே எரியாத உலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிடங்கு வேலையைப் பற்றி நான் இனிப் பேசப்போவதில்லை. கூரையும் அதுபாட்டுக்கு இருக்கட்டும். நீ எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போ, எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போ. ஆனால் திரும்பி வருகிறவனாகப் போ. எனக்குப் பயமாக இருக்கிறது, எல்யோர். இரண்டு வருடம் என்பது நாலு வருடமாகும், அப்புறம் அங்கேயே ஒரு வீடு, அப்புறம் போனில் மட்டும் ஒரு தம்பி. எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்.

கையெழுத்துப் போட்டுவிட்டாயா?

அக்கா


யமால், பிப்ரவரி 2

அக்கா,

கோபம் இல்லை, கம்பம். புயலில் இணையக் கம்பம் விழுந்து மலையளவு பனிக்கடியில் கிடந்தது. நேற்றுதான் நிமிர்த்தினார்கள். உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்து இறங்கின. வரிசை மாறிப் படித்துவிட்டேன். முதலில் சம்சா, அப்புறம் கட்டை விரல்.

கட்டை விரல் வந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. ரினாத் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா, யாரு போயிட்டாங்க?" என்று பதறிவிட்டான். யாரும் போகவில்லை, எங்க அம்மா ஒரு ரொட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்றேன். "அதுக்கா அழுவுற?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவன் அம்மா வைக்கும் வாத்துக்கறியைப் பற்றி ஆரம்பித்துவிட்டான்.

அப்புறம் தீவுக்கு வந்தேன். பனி மஞ்சளாகத்தான் இருந்தது. ஏரிக்கரையில் உங்கள் ஆள் தனியாக உட்கார்ந்திருந்தது. நீங்கள் அந்த நேரத்தில் ஆலையில் இருந்திருப்பீர்கள். நான் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பேசவில்லை. பேசியிருந்தால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வந்திருக்கும், ஆள் பொம்மையாக இருந்தாலும்.

அந்தத் திட்டத்தைப் பார்த்தேன், அக்கா. ஒவ்வொரு பெல்ட்டிலும் என் அளவுக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். மணல் பெல்ட்டில், சுள்ளி பெல்ட்டில், பட்டறை வாசலில், எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு சின்னக் காலி இடம். நான் மூட்டினால் உடனே எல்லாம் பொருந்தும்படி. யாரும் எனக்காக இப்படி ஒன்றும் செய்ததில்லை.

உலையை மூட்டினேன். ஒன்று வந்தது. எடுத்துக்கொண்டேன். அணைத்தேன். பலகையில் விட்டுப்போன வரியை எழுதிவிட்டேன்.

இன்று நடுப்பகலில் சூரியன் முழுசாக எழுந்தது. எல்லாரும் வெளியே போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றோம். திரும்பி வந்து அலுவலகத்தில், "இரண்டு வருஷம் முடியாது, மார்ச்சுல நவ்ரூஸ் பண்டிகைக்கு வீட்டுக்குப் போகணும். வேணும்னா ஏப்ரல்ல வந்து இலையுதிர் காலம் வரைக்கும் இருக்கேன்" என்று சொன்னேன். முணுமுணுத்தார்கள். ஒத்துக்கொண்டார்கள்.

விமானம் தாஷ்கண்ட் வரை, அப்புறம் ரயில். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: புது ரொட்டி சுட வேண்டாம். பழையது போதும்.

தம்பி


கோகந்த், ஏப்ரல் 14

எல்யோர்,

போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. அம்மா அதை முனவ்வர் அத்தைக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினாள்.

நீ போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. நவ்ரூஸுக்குக் காய்ச்சிய சுமலாக் கூழின் அடிப்பிடித்த அண்டாவை நேற்றுதான் தேய்த்து முடித்தேன். நீ வந்த அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆணிக்குப் போனதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது ரொட்டியா, செங்கல்லா. மூன்று கிண்ணம் தேநீரில் ஊற வைத்து, கடைசித் துணுக்கு வரை தின்றாய். கட்டை விரல் பட்ட இடத்தைக் கடைசியாகத் தின்றதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

அப்புறம் நாம் உன் உலையை மூட்டியது. பனி மூன்றாவது ஏரியையும் தாண்டி விலகிப் போய்க்கொண்டே இருந்ததே, நீ வாயைத் திறந்துகொண்டு நின்றாயே. அந்தப் பக்கம் கோட்டையோ பொக்கிஷமோ இருக்கும் என்று இரண்டு வருடமாக நினைத்தோம். புல்லும் தண்ணீரும் பறவையும்தான். அம்மா மட்டும், "இவ்ளோ எடம் சும்மாவா கெடக்கு? பூசணியாவது போடலாமேடா" என்றாள். அதை நினைத்து இன்றைக்கு ஆலையில் தனியாகச் சிரித்தேன்.

கிளம்பும்போது நீ கடித்த கடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதி ரொட்டி. "டேய், மிச்சம் வைடா!" என்று அம்மா பிடுங்கியிருக்காவிட்டால் ஆணிக்கு ஒன்றும் இருந்திருக்காது. பல் பதிந்த பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்படி தொங்கவிட்டிருக்கிறாள். கண் பட்டுவிடுமாம்.

உன்னை ரயிலேற்றிவிட்டு வந்து தீவைத் திறந்தேன். பனி. முதல் ஏரியைக்கூடக் காணவில்லை. கோபுரத்தில் ஏதோ கெட்டுவிட்டது என்று பெல்ட் பெல்ட்டாகப் பார்த்துக்கொண்டு போனேன். மணல் சரி. சுள்ளி சரி. கடைசிப் படுகையில் உன் உலை அணைந்திருந்தது. பக்கத்தில் பலகை.

நான் எதையும் தொடவில்லை. உட்கார்ந்து, திட்டத்தைத் திரும்பவும் பதினொன்றுக்கு மாற்றி எழுதிவிட்டேன்.

அக்கா